உழைச்செல்வாள்

(உலகச் செவிலியர் நாளையொட்டிக் கீழ்பென்னாத்தூரில் நடைபெற்ற கழகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

மேடை ஏறும் முன் தலைவர் அவர்கள் என்னைத் தனியே அழைத்து, "எதிரிகளை விட்டுவிடாதீர்கள், ஊர் அதைத்தான் எதிர்பார்க்கிறது" என்றார். எதிரிகள் எங்கும் ஓடிவிடமாட்டார்கள். அடுத்த வாரமும் இருப்பார்கள். அவர்களை அப்போது கவனித்துக்கொள்ளலாம். கோட்டையிலே கிடக்கும் நாற்காலியைப் பற்றி இந்த மேடையிலே ஆயிரம் முறை பேசியிருக்கிறோம். நம் வீட்டுப் பின்கட்டிலே கிடக்கும் கட்டிலைப் பற்றி ஒருமுறையேனும் பேசியதுண்டா? இல்லை. இன்று நான் கட்டிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எந்தக் கட்டில்? கயிறு தளர்ந்த கட்டில். தலைமாட்டிலே மாத்திரைப் பொட்டலமும், கால்மாட்டிலே கந்தல் துணியும் கிடக்கும் கட்டில். சோமாசிப்பாடியிலே ஒன்று, வேட்டவலத்திலே ஒன்று, இதோ இந்த மேடைக்குப் பின்னே உள்ள தெருவிலே ஒன்று. ஏர் பிடித்த கை அதிலே கிடக்கிறது. இன்று குவளைத் தண்ணீரைப் பிடிக்க நடுங்குகிறது. சேற்றிலே இறங்கி நாற்று நட்ட கால் கிடக்கிறது. சர்க்கரை நோயால் உணர்விழந்து, முள் குத்தியதும் அறியாமல், அறியாத முள் புண்ணாகி, புண் புரையோடி, இரண்டு விரல்களைப் பறிகொடுத்துக் கிடக்கிறது. ஊர்வழக்கைத் தீர்த்த நாக்குக் கிடக்கிறது. பக்கவாதம் தாக்கியபின் பெற்ற மகனின் பெயரைக்கூடத் திருத்தமாகச் சொல்ல முடியாமல் திணறுகிறது.

முன்பும் முதுமை இருந்தது. ஆனால் அன்றைய நோய்கள் வேறு. அம்மை வந்தது, பேதி வந்தது, பிளேக் வந்தது. வந்த நோய் ஆளைக் கொண்டுபோனது, அல்லது ஆளை விட்டுவிட்டுத் தான் போனது. இன்றைய நோய்களோ வந்து போகும் விருந்தாளிகள் அல்ல. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, மூட்டு வாதம், மறதி நோய்; இவை குடியேறிவிட்ட குடித்தனக்காரர்கள். இவர்களைக் காலி செய்ய முடியாது; கட்டுப்படுத்தி வைத்திருக்கத்தான் முடியும். இந்தியாவிலே பத்துக்கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் உண்டு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் அறிவித்தது.

அதோடு இன்னொரு கணக்கையும் கேளுங்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலே நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031இல் அது நூற்றுக்குப் பதினெட்டைத் தாண்டும் என்று மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகமே கணித்திருக்கிறது. ஏன் இப்படி ஆனது? நம் பெண்கள் படித்தார்கள். பிள்ளைகளைக் குறைவாகப் பெற்று நிறைவாக வளர்த்தார்கள். நியாயவிலைக் கடையிலே அரிசி கிடைத்தது. ஆரம்ப சுகாதார நிலையம் அருகே வந்தது. அறுபதிலே முடிந்த ஆயுள் எழுபதைத் தாண்டியது. இது தோல்வி தந்த துன்பமன்று தோழர்களே. நாம் பெற்ற வெற்றியின் விலை. வெற்றி விழா கொண்டாடினோம். விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்கவில்லை.

மருத்துவர் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை, கூட்டத்தோடு கூட்டமாக வரிசையிலே நின்றால், ஐந்து மணித்துளி பார்ப்பார். அந்த ஐந்து மணித்துளி போக, மீதி முப்பது பகலும் முப்பது இரவும் அந்தக் கட்டிலருகே இருப்பவர் யார்?

வள்ளுவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்பது குறளிலே உண்ணும் அளவையும் செரிக்கும் காலத்தையும் நோயின் முதலையும் சொல்லிவிட்டு, கடைசிக் குறளிலே மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணிக் காட்டுகிறார். நோயுற்றவன் ஒன்று. நோய் தீர்ப்பவன் ஒன்று. மருந்து ஒன்று. நான்காவதாக ஒருவனைச் சொல்கிறார்: 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். பக்கத்திலே நின்று, வேண்டியதை வேண்டும் நேரத்திலே செய்பவன் உழைச்செல்வான். நான்கு கால் கொண்டால்தான் கட்டில் நிற்கும். மூன்று காலை மட்டும் நாம் பார்த்தோம். மருத்துவக் கல்லூரி கட்டினோம், மருந்துக் கிடங்கு கட்டினோம், நோயாளிக்குக் காப்பீட்டு அட்டை கொடுத்தோம். நான்காவது காலை யார் தோளிலே வைத்தோம்?

வள்ளுவர் 'செல்வான்' என்று ஆண்பாலிலே சொன்னார். நம் வீடுகளிலே எந்த ஆண் செல்கிறான்? இந்தக் கூட்டத்திலே இருக்கும் ஆண்களைக் கேட்கிறேன், கையைத் தூக்கச் சொல்லவில்லை, கூச்சப்படுவீர்கள். தாயின் படுக்கையை மாற்றியவர் எத்தனை பேர்? மனைவி மாற்றினாள், மகள் மாற்றினாள், மருமகள் மாற்றினாள். ஆகவே நான் வள்ளுவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓரெழுத்தைத் திருத்திக்கொள்கிறேன். உழைச்செல்வாள்!

எனக்கும் இதிலே யோக்கியதை இல்லை. சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய நாடகம் ஒன்றிலே, மூன்று ஆண்டு படுக்கையிலே கிடந்த ஒரு தாய், மகனைப் பார்த்ததும் எழுந்து அமர்ந்து, ஐந்து மணித்துளி அழகு தமிழிலே பேசிவிட்டு, நிலவொளியிலே உயிர் விடுவாள். பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். எனக்கு மாலை போட்டார்கள். ஓரிரவு, வேடம் கலைக்கும் கொட்டகைக்கு ஓர் அம்மையார் வந்தார். அரசு மருத்துவமனையிலே செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவராம். "தம்பி, நாடகம் நன்றாக இருந்தது. ஒரு சந்தேகம். மூன்று ஆண்டு கிடந்தாள் என்கிறாயே, அவளைப் புரட்டிப் போட்டது யார்?" என்றார்.

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவர் விளக்கினார். அசைய முடியாத உடலை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கவேண்டும். தவறினால் முதுகின் அடியிலே, இடுப்பெலும்பின் மேலே, குதிகாலிலே, எலும்பும் பாயும் நசுக்கும் இடத்திலே இரத்தம் ஓடாமல் தோல் கறுத்து, வெடித்து, எலும்பு தெரியும் அளவுக்குக் குழிந்துவிடும். படுக்கைப் புண் என்பார்கள். வந்தபின் ஆற்றுவது கடினம். வராமல் தடுப்பதற்குத் தேவை விலை உயர்ந்த மருந்தன்று, ஒரு கையும் ஒரு கடிகாரமும்தான். கஞ்சி புகட்டும்போது தலையை உயர்த்தி வைக்கவேண்டும். புகட்டியபின் அரைமணி நேரமாவது படுக்கவிடக் கூடாது. இல்லையேல் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நெஞ்சிலே சளிக்காய்ச்சலாக மூளும். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அந்தப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கவேண்டும். மேலே தூக்கினால் கழிவு திரும்ப ஏறும், காய்ச்சல் வரும். உணர்விழந்த பாதத்தை நாள்தோறும் விளக்கொளியிலே பார்க்கவேண்டும். அடிப்பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்கவேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிலே இன்சுலினை ஈரமான மண்பானைக்குள் வைத்துக் காக்கவேண்டும். இத்தனையும் சொல்லிவிட்டு அந்த அம்மையார், "உன் நாடகத்துத் தாயின் புடவை கசங்கவேயில்லையே தம்பி" என்று சொல்லிப் புறப்பட்டுப் போனார்.

அவர் போனபின் நான் நினைத்துக்கொண்டது என் நாடகத்தை அன்று, என் வீட்டை. என் தந்தையார் பக்கவாதத்திலே நான்காண்டு கிடந்தார். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை. ஆண்டுக்கு 4,380 முறை. நான்கு ஆண்டுக்கு 17,520 முறை. அத்தனை முறையும் புரட்டியவர் என் தாயார். பெண்ணுரிமை பேசிவிட்டு நள்ளிரவிலே நான் வீடு திரும்பும்போது கதவைத் திறப்பார். அவர் எனக்காக விழித்திருந்தார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்காக அன்று, கடிகாரத்துக்காக! நான் புரட்டிய முறை எத்தனை? விரல்விட்டு எண்ணலாம், விரல் மிஞ்சும். தந்தையார் மறைந்த மறுமாதம் தாயாரின் முதுகு வளைந்துவிட்டதைக் கண்டோம். வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னோம்.

இந்த வேலை ஏன் யார் கண்ணிலும் படவில்லை? இங்கேதான் நம் இயக்கத்துக்கும் இந்தக் கட்டிலுக்கும் உள்ள உறவைச் சொல்லவேண்டும். மலமும் சீழும் தொடும் கை தாழ்ந்த கை என்று இந்த நாடு நெடுங்காலமாக நம்பிக்கொண்டிருக்கிறது. பிறப்பு தீட்டு, இறப்பு தீட்டு, இரத்தம் தீட்டு, நோய் தீட்டு! தீட்டைத் தொடும் வேலையைச் சாதியிலே தாழ்த்தப்பட்டவனுக்கும் வீட்டிலே தாழ்த்தப்பட்டவளுக்கும் கொடுத்தார்கள். சென்னைப் பொது மருத்துவமனையிலே 1871இலேயே செவிலியருக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. வந்தவர்கள் யார்? பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்கள், ஆங்கிலோ இந்தியப் பெண்கள், பின்னர் இந்தியக் கிறித்தவப் பெண்கள். வேதம் ஓதும் வீடுகள் தம் பெண்களை அனுப்பவில்லை. நமக்கு அருகே வேலூரிலே, ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946இல் அதே வளாகத்திலே செவிலியத்துக்குப் பட்டப்படிப்பே வந்துவிட்டது. அந்த அம்மையார் மருத்துவம் படிக்கப் போகக் காரணமான இரவும் நமக்கு அருகே, செஞ்சிக்கு அப்பால், திண்டிவனத்திலே நடந்ததுதான். ஒரே இரவிலே மூன்று பேறுகாலப் பெண்கள் இறந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று அவர்கள் வீட்டு ஆண்கள் மறுத்துவிட்டார்கள். தீட்டு என்பது ஏட்டிலே இருக்கும் சொல் அன்று தோழர்களே, ஆளைக் கொல்லும் சொல்.

இன்று நாள் கொண்டாடப்படும் நைட்டிங்கேல் அம்மையார் 1854இல் கிரிமியப் போர்க்கால மருத்துவமனைக்குப் போனபோது அவர் நாட்டிலும் செவிலியர் வேலை இழிவாகத்தான் கருதப்பட்டது. அவரைக் கைவிளக்கேந்திய காரிகை என்று பாடப்புத்தகம் பாராட்டுகிறது. விளக்கை மட்டும் பார்த்தது. இறந்தோர் எண்ணிக்கையைப் பட்டியலிட்டுப் படம் வரைந்து ஆட்சியாளர் முகத்துக்கு நேரே நீட்டிய கையைப் பார்க்கவில்லை. பெண் என்றால் விளக்குத்தான் ஏந்தவேண்டும், கணக்கு ஏந்தக் கூடாது போலும்!

அயல்நாட்டு அம்மையாரைச் சொன்னேன். நம் வீட்டு அம்மையாரைச் சொல்லாமல் விடலாமா? சொல்வதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும். இருந்தாலும் சொல்கிறேன்.

வேலூரிலே 1920இல் பிறந்து, 1943இல் தந்தை பெரியாரின் தொண்டுக்கு வந்த மணியம்மையாரை நீங்கள் அறிவீர்கள். 1949 ஜூலையில் பெரியார் அவரை மணந்தார். பெரியாருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது, அம்மையாருக்கு இருபத்தொன்பது. அந்தத் திருமணத்தை ஏற்காமல்தான் அண்ணாவும் தோழர்களும் வெளியேறினார்கள். அந்தச் செப்டம்பரிலேயே கழகம் பிறந்தது. அந்தப் பிரிவு சரியா தவறா என்ற வழக்கை நான் இங்கே கிளறப் போவதில்லை. அண்ணா 1967இல் தேர்தலிலே வென்றதும் பெரியாரிடம் சென்றார், வழக்கு அத்தோடு முடிந்தது. நான் கேட்பது வேறு. அந்தக் காலத்திலே அந்த அம்மையாரைப் பற்றி நாம் பேசிய பேச்சென்ன, எழுதிய எழுத்தென்ன! சொத்துக்கு வந்தவள் என்றோம். சூழ்ச்சிக்காரி என்றோம். அந்த அம்மையார் என்ன செய்துகொண்டிருந்தார்?

பெரியாருக்கு இறுதி ஆண்டுகளிலே சிறுநீர்க் கோளாறு. இயல்பாகக் கழிக்க முடியாமல் குழாய் பொருத்தி, அதன் முனையை ஒரு கலத்திலே விட்டு, அந்தக் கலத்தையும் உடன் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தொண்ணூறு வயதைக் கடந்தும் போனார். பெரியாரின் துணிவைச் சொல்லி நாம் வியக்கிறோம்; வியக்கவேண்டியதுதான். ஆனால் குழாய் அடைத்துக்கொண்டால்? கலம் நிறைந்தால்? புண்ணானால்? காய்ச்சல் வந்தால்? கண்டதைச் சாப்பிட ஆசைப்பட்டால்? இருபது கூட்டம் பேசும் கிழவருக்குப் பக்கத்திலே ஒருத்தி இருந்தாள். கலத்தைக் கழுவினாள். உணவை அளந்தாள். வேண்டாததைத் தடுத்துத் திட்டும் வாங்கினாள். 1973 டிசம்பர் 19இல் தியாகராய நகரிலே வலியோடு வலியாக அவர் கடைசிப் பேச்சைப் பேசினார். ஐந்தாம் நாள், டிசம்பர் 24இல், வேலூர் கிறித்தவ மருத்துவமனையிலே மறைந்தார். அன்று நம் ஊரும் வேலூரும் ஒரே வடஆர்க்காடு மாவட்டம். தொண்ணூற்று நான்கு வயது வரை அந்தக் குரல் நாட்டிலே ஒலித்தது என்றால், அதிலே பாதி அந்தத் தாடிக்குரியது. மீதி அந்தக் கைக்குரியது. அவருக்குப்பின் இயக்கத்தைத் தாங்கிய அம்மையார் 1978இல், ஐம்பத்தெட்டு வயதிலேயே, மறைந்துவிட்டார். உழைச்செல்பவருக்கு உழைச்செல்ல யாருமில்லை என்பது பல வீட்டின் கதை.

நாம் இன்று அவரைப் 'தொண்டின் திருவுரு' என்கிறோம். அன்று ஏசினோம், இன்று ஏத்துகிறோம். இரண்டிலும் ஒரே தவறுதான். அந்த வேலையை வேலை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. என் தாயாரையும் அப்படித்தான் தெய்வம் என்று மேடையிலே சொல்லியிருக்கிறேன். தெய்வத்துக்குக் கூலி கொடுக்கவேண்டியதில்லை, பாருங்கள்! விடுமுறை கொடுக்கவேண்டியதில்லை. முதுகு வலிக்கிறதா என்று கேட்கவேண்டியதில்லை. மாலை போதும், சூடம் போதும்.

வீட்டிலே தெய்வம் என்றோம். நாட்டிலே என்ன சொன்னோம்?

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலே 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். நான் அதைப் பெருமையோடு சொல்வேன், எந்த மேடையிலும் சொல்வேன். நோயாளி வரிசையிலே நிற்பதற்குப் பதிலாக மாத்திரை வீட்டைத் தேடி வந்தது. இரத்தக் கொதிப்பு அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் நம் தெருவுக்குள் நுழைந்தாள். இயன்முறை மருத்துவர் வந்தார். நோய் ஆதரவுச் செவிலியர் வந்தார். ஐக்கிய நாடுகள் அவையின் விருது 2024இல் வந்தது. நல்ல திட்டம். நல்ல திட்டம் என்பதனாலேயே அதன் உள்ளே புகுந்து பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.

தெருவுக்குள் நுழைந்தாளே அந்தப் பெண், அவளுக்கு என்ன பெயர்? பெண் சுகாதாரத் தன்னார்வலர். தன் ஆர்வத்தால் வந்தவராம்! தொடக்கத்திலே அவளுக்குக் கொடுத்தது மாதம் 4,500 ரூபாய். அதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, ஊக்கத்தொகை. நாளொன்றுக்கு 150 ரூபாய். அதே ஆண்டிலே நூறு நாள் வேலையில் ஏரிக்கரையிலே மண் வெட்டினால் சட்டப்படி நாட்கூலி 273 ரூபாய். அரைநாள் வேலைதானே என்று அலுவலர்கள் சொல்வார்கள். சித்திரை வெயிலிலே வீடு வீடாக ஏறி இறங்கி, கண் தெரியாத கிழவிக்கு எந்த மாத்திரை காலை, எந்த மாத்திரை இரவு என்று மூன்று முறை சொல்லி, கைப்பேசியிலே கணக்கை ஏற்றி முடிப்பது எந்த அரைநாளிலே முடிகிறது? நோய் ஆதரவுச் செவிலியர் ஓர் ஒன்றியத்துக்கு ஒருவர் என்ற அளவிலேதான் வைக்கப்பட்டார். நம் கீழ்பென்னாத்தூர் ஒன்றியத்தின் ஊர்களை மனத்திலே ஓட்டிப் பாருங்கள்; ஊருக்கு நான்கு கட்டில் என்று வையுங்கள். ஒரு செவிலியர், ஒரு வண்டி. திரும்பவும் அதே கட்டிலுக்கு அவர் எப்போது வருவார்? படுக்கைப் புண் அதுவரை காத்திருக்குமா?

மருத்துவமனைக்கு உள்ளே வாருங்கள். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்திச் செவிலியர்களை எடுத்தது. பட்டமும் பட்டயமும் பெற்று, போட்டித் தேர்விலே வென்று வந்த அவர்களுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டாண்டிலே நிரந்தரம் என்று நம்பி வந்தார்கள். 2017 நவம்பரிலே சென்னையிலே மருத்துவ இயக்குநரக வளாகத்திலே ஆயிரக்கணக்கில் அமர்ந்துவிட்டார்கள். அன்று ஆட்சியிலே இருந்தவர்களை நாம் கண்டித்தோம். ஊதியம் 14,000 ஆயிற்று, பின்னர் 18,000 ஆயிற்று. நிரந்தரம்? பகுதி பகுதியாக, சொட்டுச் சொட்டாக! கொரோனா வந்தபோது கைதட்டச் சொன்னார் பிரதமர், தட்டினோம். 2025 டிசம்பரிலே அவர்கள் மீண்டும் சென்னைத் தெருவிலே அமர்ந்தார்கள். அப்போது ஆட்சியிலே இருந்தது நாம். இதைச் சொன்னால் தோழர் சிலருக்கு முகம் சுருங்கும், சுருங்கட்டும். எதிரியின் ஆட்சியிலே நியாயமாக இருந்த கோரிக்கை நம் ஆட்சியிலே எப்படி அநியாயம் ஆகும்?

பணம் எங்கே என்று கேட்பார்கள். அண்டை வீட்டைப் பாருங்கள். கோழிக்கோட்டிலே 1993இல் மருத்துவர் ராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ்குமாரும் தோழர்களும் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கியது, ஊர் மக்கள் கையிலே வளர்ந்து, 2008இல் கேரள அரசின் கொள்கையாயிற்று. அங்கே ஊராட்சியே செவிலியரை அமர்த்தி, கட்டில் இருக்கும் வீட்டுக்கு அனுப்புகிறது. குப்பை அள்ளுவதும் விளக்குப் போடுவதும் போலப் படுத்துக் கிடப்போரைப் பார்ப்பதும் ஊராட்சியின் வேலை! ஜப்பானிலே 2000ஆம் ஆண்டு முதல், நாற்பது வயதானவர் ஒவ்வொருவரும் முதுமைப் பராமரிப்புக் காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறார். முதுமையிலே தளர்ந்தால் வீட்டுக்கு வரும் பராமரிப்பாளர் அவருக்கு உரிமை, பிச்சை அன்று. மருமகளின் முதுகை நம்பி ஒரு நாடு நடக்க முடியாது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். முதியோர் மருத்துவத்துக்கு இந்தியாவுக்கே வழிகாட்டியது சென்னை, மருத்துவர் வி. எஸ். நடராசன் 1978இலேயே பொது மருத்துவமனையிலே முதியோருக்குத் தனிப்பிரிவு தொடங்கினார். முதியோர் ஓய்வூதியத்தை இந்த மாநிலம் 1962இலேயே கொடுக்கத் தொடங்கியது, அன்று இருபது ரூபாய். 2023இல் அது 1,200 ஆயிற்று. கிண்டியிலே 2024இல் முதியோருக்கென்றே இருநூறு படுக்கையோடு தேசிய மருத்துவமனை திறக்கப்பட்டது. அருமையான கட்டடம். ஆனால் புரள முடியாத கிழவரைச் செஞ்சி வழியாகத் திண்டிவனம் கொண்டுபோய், அங்கிருந்து கிண்டிக்கு எப்படிக் கொண்டுபோவது? போனாலும், திரும்பி வருவது அதே கட்டிலுக்குத்தானே!

சட்டமும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டம். பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மகன் பணம் கட்டவேண்டும். நல்லதுதான். ஆனால் பெங்களூரிலே கட்டட வேலை செய்யும் மகன் அனுப்பும் பணம், நள்ளிரவு இரண்டு மணிக்குத் தாயைப் புரட்டிப் போடுமா? கைவிட்டவன் எல்லாம் கொடியவனும் அல்லன். நம் அண்ணாமலையைச் சுற்றும் பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையிலே முழுநிலா நாளிலே நடந்து பாருங்கள். காவி கட்டி அமர்ந்திருக்கும் முதியோர் எல்லோரும் துறந்தவர்கள் அல்லர். துறக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். கொண்டுவந்து விட்டவன் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பான். போகும் வழியெல்லாம் அழுதும் இருப்பான். பக்கவாதத்துக்குப் பார்க்க ஆளில்லை, பஞ்சாட்சரமாவது பார்க்கட்டும் என்று விட்டிருப்பான். அவனைத் திட்டித் தீர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கடிகாரத்தைக் காட்டுகிறார் தலைவர். முடித்துக்கொள்கிறேன்.

இன்றைய கூட்டத்திலே தீர்மானம் ஒன்று வைக்கப்படும். அதிலே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தன்னார்வலர் என்ற பெயரை எடுத்துவிட்டு, அவர்களைப் பணியாளர் என்று அழைக்கவேண்டும், பணியாளருக்குரிய ஊதியம் தரவேண்டும். தேர்வு எழுதி வந்த செவிலியர் அனைவரையும் நிரந்தரமாக்கவேண்டும். நோய் ஆதரவுச் செவிலியர் ஒன்றியத்துக்கு ஒருவர் என்பது போய், சுகாதார நிலையத்துக்கு ஒருவர் என்று வரவேண்டும். வீட்டிலே பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அந்தச் செவிலியர் கைப்பயிற்சி தரவேண்டும். மாதத்திலே சில நாளாவது அவளுக்கு மாற்றாள் வேண்டும். கோட்டையிலே எந்தக் கட்சி இருந்தாலும் இந்தத் தீர்மானம் அங்கே போகும். நம் கட்சி இருக்கும்போது இரண்டு படியாகப் போகும்.

தீர்மானத்தோடு முடியவில்லை. கிளைச் செயலாளர் கையிலே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. வாக்காளர் பட்டியல் எடுக்கத் தெருத் தெருவாக நாம் போவதில்லையா? ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை வாக்கு என்று மனப்பாடமாகச் சொல்வோமே! நாளைக்காலை முதல் அதே தெருவிலே, எந்த வீட்டிலே கட்டில் இருக்கிறது, படுத்திருப்பவருக்கு என்ன நோய், பார்த்துக்கொள்பவர் யார், அவருக்கு என்ன வயது என்று எழுதவேண்டும். நான்காவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். எழுபது வயதுக் கிழவரைப் பார்ப்பவள் அறுபத்தெட்டு வயதுக் கிழவியாக இருப்பாள். அந்தப் பட்டியலைச் சுகாதார நிலைய மருத்துவரிடம் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம். ஆண் தோழர்கள் இருவர் இருவராக எழுத வாருங்கள். புரட்டிப் போடுவது எப்படி என்று கற்றுக்கொடுக்க ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஞாயிறு மாலை படிப்பகத்துக்கு வர இசைந்திருக்கிறார். என் நாடகத்திலே குறை கண்ட அதே அம்மையார்தான். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

பின்வரிசையிலே அந்த நீலப் பையோடு அமர்ந்திருக்கும் தங்கைகள் மூவரும் விடிந்தால் வீடு வீடாகப் போகவேண்டியவர்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களுக்கு முதலிலே வழிவிடுங்கள்.